டி கட்டையைச் சுழற்றினால் ரெண்டு வரிசை மேல எகிறுது: சுழற்சி விதி எப்படி அமைக்கிறது?

ஓலைக்குடா_கரை

டெட்ரிஸ் மாதிரி கட்டை விழுற ஆட்டம் ஒன்னு, தொடுதிரைப் போனுக்கு, கோடோவில் (ஆட்டம் எழுதுற மென்பொருள்) எழுதுறேன். 10 நெடுவரிசை, 20 கிடைவரிசை, வழக்கமான ஏழு கட்டை (ஐ, ஓ, டி, எஸ், இசட், ஜே, எல்னு ஆங்கில எழுத்து வடிவம்). நகர்த்தல், விழுதல், வரிசை அழிதல் எல்லாம் ஒழுங்கா ஓடுது. சுழற்சியில மட்டும் மூணு கோளாறு.

ஒன்னு: டி கட்டை தரையில் படுத்திருக்கும்போது வலமாச் சுழற்றினா, தரையை விட்டு எகிறி ஒரு வரிசை இடைவெளியோட அந்தரத்தில நிக்குது. அப்புறம் விழுது.

ரெண்டு: ஆட்டம் தொடங்கினப்ப மேல வந்தவுடனே சுழலுது. அடியில நாலஞ்சு வரிசை நிறைஞ்சப்புறம், மேல தோன்றின கட்டை சுழல மாட்டேங்குது. மேல சுத்தி ஒன்னுமே இல்லை.

மூணு: ஓ கட்டை சுழற்றச் சுழற்ற ஆடுது. நாலு தடவை அழுத்தினா பழைய இடத்துக்கு வருது.

சுவர்த் தள்ளலுக்கு (சுழல இடமில்லைன்னா கட்டையைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்க்கிறது) எஸ்ஆர்எஸ் அட்டவணையை, அதாவது இப்பத்திய டெட்ரிஸ் விதிப்படி அஞ்சு இடத்தை வரிசையாச் சோதிக்கிற பட்டியலை, அப்படியே போட்டிருக்கேன். எண்களை மூணு தடவை சரிபார்த்துட்டேன், பிழை இல்லை.

---

கீழக்கரை_நிரல்

எண்களில் பிழை இருக்காது, தம்பி. செங்குத்து அச்சின் குறியில்தான் பிழை. அந்த அட்டவணை மேல்நோக்கி + என்று எழுதப்பட்டது. கோடோவில் கீழ்நோக்கி +.

உங்கள் டி கட்டையை ஒரு படியாகப் பார்ப்போம். தரையில் படுத்திருக்கிறது, மூக்கு மேலே. வலமாகச் சுழன்றால் நடுக் கட்டத்துக்குக் கீழே ஒரு கட்டம் வேண்டும், அது தரைக்குள் போகிறது. முதல் சோதனை (0,0) தோல்வி. இரண்டாவது (−1,0), ஒரு கட்டம் இடப்பக்கம். இன்னும் தரைக்குள்தான், தோல்வி. மூன்றாவது (−1,+1), இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று. சரியான அச்சில் இங்கேயே வெற்றி: கட்டை தரையில் கால் ஊன்றி நிற்கும், நடு ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருக்கும்.

உங்கள் நிரலில் +1 என்பது கீழே. ஆகவே மூன்றாவதும் தோல்வி. நான்காவது (0,−2). அது கீழே இரண்டு என்று இருக்க வேண்டியது, உங்களிடம் மேலே இரண்டு. அங்கே இடம் காலி, வெற்றி. அதனால்தான் ஒரு வரிசை இடைவெளியோடு அந்தரத்தில் நிற்கிறது.

யாருடைய ஆட்டத்திலாவது தரையில் கிடக்கும் டி வலமாகத் திரும்பி இரண்டு வரிசை எகிறினால், வேறெதையும் தேடாமல் அச்சுக் குறியைப் பாருங்கள்.

அட்டவணையில் உள்ள எண்களைக் கையால் திருத்த வேண்டாம். நாற்பது சோடி எண்ணில் ஒன்றைத் தவறவிட்டால் அது என்றைக்கோ ஒரு நாள்தான் வெளியே தெரியும். அட்டவணையைப் படித்துக் கட்டையின் இடத்தோடு கூட்டுகிற ஒரே வரியில் இரண்டாவது எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள், போதும்.

---

தொண்டி_துறை

ரெண்டாவது கோளாறுக்கு விடை உங்க வரியிலேயே இருக்கு: "அடியில நாலஞ்சு வரிசை நிறைஞ்சப்புறம்".

மேல தோன்றின கட்டை சுழலும்போது ஒரு கட்டம் வரிசை −1க்குப் போகுது. கோடோ நிரல்மொழியில அணிக்குக் கழித்தல் எண் குடுத்தா கடைசியிலிருந்து எண்ணும். −1ன்னா கடைசி வரிசை, அதாவது தரை. தரை வரிசையில அந்த நெடுவரிசை நிறைஞ்சிருந்தா "இடம் இல்லை"ன்னு பதில் வரும். ஆட்டத் தொடக்கத்தில தரை காலி, அதனால தெரியல. பைத்தானிலயும் இதே கதைதான்.

பலகையை ஒரே நீள அணியா வச்சிருந்தா இதுக்கு ஒரு தம்பி இருக்கான்: நெடுவரிசை −1 போனா முந்தின வரிசையோட 9ஆம் கட்டத்தைப் படிக்கும். இடச் சுவரை ஒட்டிச் சுழற்றும்போது சில நேரம் சுவரே இல்லாத மாதிரி நுழையும்.

ரெண்டுக்கும் ஒரே மருந்து. முதல்ல எல்லையைச் சோதிக்கணும், அப்புறம்தான் அணியைத் தொடணும். நெடுவரிசை 0க்குக் கீழ அல்லது 9க்கு மேல போனா தடை. வரிசை தரையைத் தாண்டினா தடை. வரிசை உச்சிக்கு மேல போனா தடை இல்லை, காலி. இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியாத வரிசைகளை மேல வச்சுக்கிறது. தெரியிற 20க்கு மேல இன்னொரு 20, மொத்தம் 40 வரிசைன்னு வைக்கிறது இப்ப வழக்கம். 2 வரிசை வச்சாலே சுழற்சிக்குப் போதும். மத்தவங்க அனுப்புற குப்பை வரிசை அடியிலிருந்து ஏறி வர்ற ஆட்டமா இருந்தாத்தான் நிறைய வேணும்.

மூணாவது, ஓ கட்டை. நடுவை ஒரு கட்டத்தோட மையத்தில வச்சிருக்கீங்க. ஓவோட உண்மையான நடு நாலு கட்டமும் சந்திக்கிற மூலை. அதனால ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு கட்டம் நகர்ந்து வட்டமடிக்குது. ஓவுக்குச் சுழற்சியே வேணாம், செயல்பாட்டோட முதல் வரியில திருப்பி அனுப்பிடுங்க. ஆனா "வெற்றி"ன்னு அனுப்பாதீங்க. வெற்றின்னு அனுப்பினா பூட்டு நேரம் (தரை தொட்ட கட்டை அப்படியே நிலைச்சுப் போறதுக்கு முன்ன இருக்கிற அவகாசம்) புதுசாத் தொடங்கும், ஓவைச் சும்மா தட்டித் தட்டியே தரையில நிறுத்தி வச்சுக்கலாம்.

ஐ கட்டைக்கும் நடு கட்டத்து மேல இல்லை. 4க்கு 4 பெட்டியில வச்சு முழுப் பெட்டியையும் சுழற்றுங்க. வலச் சுழற்சிக்கு: புதிய பெட்டியில வரிசை வ, நெடுவரிசை நெ இருக்கிற கட்டம், பழைய பெட்டியில வரிசை (3 − நெ), நெடுவரிசை வ. மேலிருந்து ரெண்டாவது வரிசையில படுத்திருக்கிற ஐ, சுழன்றா இடமிருந்து மூணாவது நெடுவரிசையில நிக்கணும். நின்னா சரி.

---

முயல்தீவு

கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்தத் தள்ளல் எதுக்கு? 1989ல வந்த என்இஎஸ் (நிண்டெண்டோவோட வீட்டு ஆட்டக் கருவி) டெட்ரிஸ்ல ஒரு தள்ளலும் கிடையாது. சுழல இடம் இருந்தா சுழலும், இல்லைன்னா இல்லை. எஸ், இசட், ஐ மூணுக்கும் ரெண்டே நிலை. கேம் பாயிலயும் தள்ளல் இல்லை. இன்னிக்கும் என்இஎஸ் டெட்ரிஸ்ல போட்டி நடக்குது. விதி ஒரு வரியில முடிஞ்சா ஆடுறவனுக்கும் ஒரு வரியில புரியும்.

இன்னொன்னு, சுவர்த் தள்ளலோட ஆங்கிலப் பேரை 'வால் கிக்'னு தமிழ்ல எழுதிப் பாருங்க. வாலுக்கு உதைன்னுதான் படிக்க வருது. 😄

---

தங்கச்சிமடம்_திரை

அதனாலதான் சுவர்த் தள்ளல்னு எழுதுறோம்.

முயல்தீவு அண்ணே, நீங்க சொல்றது பொத்தான் வச்ச கைக்கருவிக்குச் சரி. பொத்தான் அழுங்கினது விரலுக்குத் தெரியும். கட்டை சுழலலைன்னா விதி மறுத்துடுச்சுன்னு ஆடுறவருக்கு உறைக்கும். இது தொடுதிரை ஆட்டம். தட்டினது பதியலையா, விதி மறுத்ததா, போன் திணறுதா, எதுன்னு தெரியாது. திரும்பத் தட்டுவாங்க. அதுக்குள்ள கட்டை ஒரு வரிசை இறங்கியிருக்கும், இடம் கிடைச்சிருக்கும், ரெண்டு தட்டும் பதிஞ்சு தலைகீழா நிக்கும். மறுப்பு குறைவா இருக்கிறது தொடுதிரைக்கு அழகு இல்லை, தேவை.

மறுக்கத்தான் வேணும்னா மறுத்ததைக் காட்டுங்க. கட்டை ரெண்டு மூணு ஃப்ரேம் சுழல முயன்று திரும்பற மாதிரி ஒரு சின்ன அசைவு, தனி ஒலி. ஒலி மட்டும் பத்தாது, பாதிப் பேர் ஒலியை அணைச்சுத்தான் ஆடுவாங்க.

அசைவு எல்லாம் படத்துக்கு மட்டும். கணக்கு அதே ஃப்ரேம்ல முடிஞ்சிடணும். படம் சுழன்று முடியற வரைக்கும் அடுத்த தட்டை வாங்காம வச்சிருந்தா ஆட்டம் பிசின் மாதிரி ஒட்டும்.

---

முயல்தீவு

சரி, தொடுதிரை வாதத்தை ஏத்துக்கிறேன். ஆனா ஐந்து சோதனையும் வேணுமா? நாலாவதும் ஐந்தாவதும் கட்டையை ரெண்டு வரிசை கீழ இழுத்து உள்ள சொருகுது. புதுசா ஆடுறவனுக்கு அது மாயம்.

---

கீழக்கரை_நிரல்

இது நல்ல கேள்வி. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன் நாலு நிலைக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். 0, 1, 2, 3 என்று எழுதினால் எது எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. நங்கூரம் போட்ட வள்ளம் அணியத்தை (முன்முனையை) காற்றுக்கு நேரே திருப்பி நிற்கும் அல்லவா? டி கட்டையின் மூக்கை அணியமாக வையுங்கள். மேலே வடக்கு என்று வைத்தால், மூக்கு பார்க்கும் திசையிலிருந்து வரும் காற்றே நிலைக்குப் பெயர். மூக்கு மேலே இருந்தால் வாடை. வலம் பார்த்தால் கொண்டல். கீழே பார்த்தால் சோழகம். இடம் பார்த்தால் கச்சான். வலச் சுழற்சி என்றால் வாடை, கொண்டல், சோழகம், கச்சான், மறுபடி வாடை.

இனி அட்டவணை. எட்டு மாற்றத்துக்கும் தனித்தனியாக எழுதுவதை விட, ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து எண்சோடி வைத்து, தொடங்கும் நிலையின் சோடியிலிருந்து முடியும் நிலையின் சோடியைக் கழிப்பது மேல். ஜே, எல், எஸ், டி, இசட் ஐந்துக்கும் இதுதான் (முதல் எண் வலம் +, இரண்டாவது மேல் +):

வாடை: ஐந்தும் (0,0)
கொண்டல்: (0,0) (+1,0) (+1,−1) (0,+2) (+1,+2)
சோழகம்: ஐந்தும் (0,0)
கச்சான்: (0,0) (−1,0) (−1,−1) (0,+2) (−1,+2)

வாடையிலிருந்து கொண்டலுக்கு என்றால் (0,0) கழித்தல் கொண்டல்: (0,0) (−1,0) (−1,+1) (0,−2) (−1,−2). பிரபலமான அட்டவணையில் உள்ளது அதுவே. இருபது சோடி எழுதினால் நாற்பதும் கிடைத்துவிடும். இடச் சுழற்சியும் தானாக வரும்.

முயல்தீவு கேட்டதற்கு: இந்த ஐந்து கட்டைகளுக்கும் முதல் மூன்று சோதனையோடு நிறுத்தலாம். சுவரை ஒட்டி நிற்கும்போது தேவைப்படுவது இரண்டாவது. தரையில் படுத்திருக்கும்போது தேவைப்படுவது மூன்றாவது. நான்கும் ஐந்தும் இல்லாமலே சுவரும் தரையும் சமாளிக்கப்பட்டுவிடும். பொந்துக்குள் சொருகும் வித்தைகளில் பெரும்பாலானவை போய்விடும், அவ்வளவுதான்.

ஐ கட்டைக்கு மட்டும் வெட்டாதீர்கள். அதன் அட்டவணை வேறு:

வாடை→கொண்டல்: (0,0) (−2,0) (+1,0) (−2,−1) (+1,+2)
வாடை→கச்சான்: (0,0) (−1,0) (+2,0) (−1,+2) (+2,−1)

தரையில் படுத்த ஐ எழுந்து நிற்க இரண்டு வரிசை மேலே போக வேண்டும். வலச் சுழற்சியில் அது ஐந்தாவது சோதனை, இடச் சுழற்சியில் நான்காவது. மூன்றோடு வெட்டினால் தரையில் படுத்த ஐ எழுந்திருக்கவே முடியாது. வெட்டாமல் விட்டால் அழகாக இருக்கும்: வலமாகச் சுழற்றினால் படுத்திருந்த நீளத்தின் வலக் கோடியில் எழும், இடமாகச் சுழற்றினால் இடக் கோடியில்.

---

தேவிபட்டினம்9

கச்சான் நேர் மேற்கு இல்லையே, தெக்க சாய்ஞ்சு வர்ற காத்துல்ல?

---

கீழக்கரை_நிரல்

பலகையில் எட்டுத் திசை இல்லை. மன்னித்துவிடுங்கள்.

---

ஓலைக்குடா_கரை

அச்சுக் குறி, எல்லைச் சோதனை, ஓ மூணும் திருத்திட்டேன், மூணு கோளாறும் போச்சு. நன்றி கீழக்கரை காக்கா, நன்றி தொண்டி அண்ணே.

இப்ப புதுசு ஒன்னு. தரைத் தள்ளல் சரியா வேலை செய்யுது, அதனாலேயே டி கட்டையைத் தட்டிக்கிட்டே இருந்தா பூட்டவே மாட்டேங்குது. பூட்டு நேரம் 30 ஃப்ரேம், ஒவ்வொரு சுழற்சிக்கும் புதுசாத் தொடங்குது.

---

தங்கச்சிமடம்_திரை

இது பேர்போன கோளாறு. 2001ல டெட்ரிஸ் வேர்ல்ட்ஸ் வந்தப்ப இந்த முடிவில்லாச் சுழற்சிக்குத்தான் அத்தனை பேர் திட்டினாங்க. மூணு வழி இருக்கு.

முதல் வழி, எண்ணிக்கை. தரை தொட்டப்புறம் நகர்த்தலும் சுழற்றலும் சேர்ந்து 15 தடவை வரைக்கும் பூட்டு நேரம் புதுசாகும். 15 தீர்ந்ததும் தரை தொட்டவுடனே பூட்டும். கட்டை இதுவரைக்கும் தொடாத ஒரு தாழ்ந்த வரிசைக்கு இறங்கினா எண்ணிக்கை மறுபடி 0. இதுல எல்லாரும் விடுற தப்பு: "ஒரு வரிசை இறங்கினா 0"ன்னு எழுதிடுவாங்க. தரைத் தள்ளல் ஒரு வரிசை ஏத்தும், கட்டை ஒரு வரிசை இறங்கும், எண்ணிக்கை 0 ஆகும், மறுபடியும் முடிவில்லாம ஓடும். அதுவரை தொட்ட மிகத் தாழ்ந்த வரிசையை ஒரு மாறியில வச்சு, அதுக்கும் கீழ போனா மட்டும் 0 ஆக்கணும். மிகத் தாழ்ந்த வரிசைன்னா கட்டையோட கீழ்க் கட்டம். நடுக் கட்டத்தை வச்சு அளந்தா சுழலும்போது தப்பாக் காட்டும்.

ரெண்டாவது வழி, இறங்கினா மட்டும் புதுசாகும். நகர்த்தினாலும் சுழற்றினாலும் ஆகாது. ஆரிகாவோட (டெட்ரிஸ் கிராண்ட் மாஸ்டர் எழுதின ஜப்பான் நிறுவனம்) ஆட்டங்கள் இந்த வழிதான். கண்டிப்பா இருக்கும், வேகமா ஆடுறவங்களுக்குப் பிடிக்கும். இதுல தரைத் தள்ளல் வச்சா ஒரு கட்டைக்கு ஒரே தடவைன்னு கட்டுப்படுத்தணும், இல்லைன்னா ஏறி இறங்கியே நேரம் வாங்கிக்குவாங்க.

மூணாவது, தரை தொட்டதிலிருந்து மொத்த நேரத்துக்கு ஒரு உச்சவரம்பு. எழுதச் சுலபம். ஆனா ஆடுறவருக்கு எப்ப பூட்டும்னு கண்ணால தெரியாது. எனக்குப் பிடிக்காது.

தொடுதிரைக்கு முதல் வழி. பூட்டு நேரம் குறையக் குறைய கட்டையோட நிறம் மங்கட்டும், ஆடுறவர் பார்த்துக்குவார்.

---

தொண்டி_துறை

அக்கா சொன்னதோட ஒன்னு. ஒரே ஃப்ரேம்ல நகர்த்தலும் சுழற்றலும் வந்தா எது முன்னன்னு நிரல்ல தெளிவா எழுதி வைங்க. என்இஎஸ்ல நகர்த்தல், சுழற்றல், இறங்குதல்ங்கிற வரிசை. எந்த வரிசையா இருந்தாலும் சரி, இறங்குதல் மட்டும் கடைசியில வரட்டும். இறங்குதல் முன்ன வந்தா, பொந்து வாயில கடைசி நொடியில தட்டின சுழற்சி ஒரு வரிசை தாண்டித்தான் கணக்காகும். "நான் சரியாத்தான் தட்டினேன்"னு ஆடுறவங்க சண்டைக்கு வருவாங்க, அவங்க சொல்றதுதான் நியாயம்.

அதைவிட முக்கியம் ஒன்னு. கட்டையைச் சுழற்றிட்டுச் சோதிக்காதீங்க. நகல் எடுங்க, நகலைச் சுழற்றுங்க, அஞ்சு இடத்துலயும் நகலை வச்சுப் பாருங்க, தேறினா மட்டும் உண்மைக் கட்டையில எழுதுங்க. உண்மைக் கட்டையைச் சுழற்றிட்டு, தேறலைன்னா திருப்பிச் சுழற்றுற நிரல்ல, தள்ளலைக் கழிக்க மறந்து கட்டை ஒரு கட்டம் நகர்ந்து நிக்கும்.

---

தேவிபட்டினம்9

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். நகர்ந்துக்கிட்டே சுழல்றதைச் சுழற்சின்னு எப்படிச் சொல்றது? நடு ஒரே இடத்தில நிக்கணும்ல.

---

கீழக்கரை_நிரல்

பழைய பாம்பன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914இல் திறந்தது, நடுவில் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி. கப்பல் வரும்போது அதன் இரண்டு இறக்கையும் ஒரு அச்சாணியில் சுழலவில்லை. வளைந்த அடிப்பாகம் தண்டவாளத்தின் மேல் உருண்டது. ஆகவே இறக்கை நிமிர நிமிர அதன் மையம் பின்னால் நகர்ந்தது; கப்பலுக்கு அந்த அளவு கூடுதல் வழி கிடைத்தது. சுழற்சியும் நகர்வும் ஒரே அசைவில். சுவர்த் தள்ளலும் அதே ஏற்பாடு.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறது. அதில் சுழற்சியே இல்லை, வெறும் நகர்வு.

---

முயல்தீவு

காக்கா பாலத்தைக் கொண்டுவராம ஒரு இழையும் முடியாது.

---

தொண்டி_துறை

ஓலைக்குடா தம்பிக்கு ஒரு வேலை. கண்ணாடிச் சோதனை எழுதுங்க. ஏதாவது ஒரு பலகை, ஏதாவது ஒரு கட்டை, ஏதாவது ஒரு நிலை, வலச் சுழற்சி. விடையைக் குறிச்சுக்குங்க. இப்ப பலகையை இடம் வலமா மாத்துங்க: நெடுவரிசை நெ இருந்த இடத்தில 9 − நெ. ஜேக்குப் பதில் எல், எஸ்ஸுக்குப் பதில் இசட், கொண்டலுக்குப் பதில் கச்சான், வலச் சுழற்சிக்குப் பதில் இடச் சுழற்சி. விடையும் கண்ணாடி பார்த்த மாதிரி வரணும். தற்செயலா நிரப்பின பலகை ஒரு லட்சம் ஓட்டினாலும் சில நொடிதான் ஆகும்.

வராத இடம் எல்லாம் ஒன்னு நிரல் பிழை, இல்லை விதியிலேயே இருக்கிற ஒருபக்கச் சாய்வு. எதுன்னு பார்த்து நீங்கதான் முடிவெடுக்கணும்.

---

ஓலைக்குடா_கரை

ஓட்டினேன். ஜே, எல், எஸ், டி, இசட் அஞ்சும் சுத்தம். ஐ மட்டும் அடி வாங்குது. நிரல் பிழைன்னு ஒரு நாள் பூரா தேடினேன், கிடைக்கல. ஒரு மாதிரி:

ஐ படுத்திருக்கு. அதுக்குக் கீழ நடு ரெண்டு நெடுவரிசையில கட்டம் இருக்கு. ரெண்டு கோடியிலயும் பள்ளம். வலமாச் சுழற்றினாலும் இடப்பக்கப் பள்ளத்தில இறங்குது, இடமாச் சுழற்றினாலும் இடப்பக்கப் பள்ளத்தில இறங்குது.

---

கீழக்கரை_நிரல்

பிழை உங்களுடையது இல்லை, அது எஸ்ஆர்எஸ் விதியில் உள்ள சாய்வு. மேலே நான் எழுதிய இரண்டு வரியையே பாருங்கள். வாடை→கொண்டலில் அசல் இடம், இடமிருந்து மூன்றாவது நெடுவரிசை. அது அடைத்திருந்தால் இரண்டாவது சோதனை (−2,0), ஆக முதல் நெடுவரிசை. வாடை→கச்சானில் அசல் இடம் இரண்டாவது நெடுவரிசை. அடைத்திருந்தால் (−1,0), அதுவும் முதல் நெடுவரிசை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இடக் கோடியைத்தான் முதலில் முட்டிப் பார்க்கிறது.

சாய்வு புதிதும் இல்லை. 1998இல் ஆரிகா கொண்டுவந்த விதியில் எல்லாத் தள்ளலும் முதலில் வலம், பிறகு இடம்.

திருத்துவதற்கு ஒரு எண்ணையும் மாற்ற வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். வாடை→கொண்டலை இப்படி எழுதுங்கள்: (0,0) (+1,0) (−2,0) (+1,+2) (−2,−1). அதே ஐந்து இடங்கள், அதே சோடிகள். இப்போது வலமாகச் சுழற்றினால் வலக் கோடி, இடமாகச் சுழற்றினால் இடக் கோடி. தரையில் படுத்திருக்கும்போது எப்படி எழுந்ததோ அதே பழக்கம் பள்ளத்திலும். மற்ற மூன்று சோடி மாற்றங்களையும் (கொண்டல்→வாடையும் கச்சான்→வாடையும், கொண்டல்→சோழகமும் கச்சான்→சோழகமும், சோழகம்→கொண்டலும் சோழகம்→கச்சானும்) ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதன் கண்ணாடியாக எழுதிவிடுங்கள். அங்கேயும் இடங்கள் ஒன்றே, வரிசைதான் பிசகு.

எத்தனை சோதனை வைக்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எது முதலில் என்று யாரும் கேட்பதில்லை. ஆடுகிறவரின் விரல் கற்றுக்கொள்வது இந்த வரிசையைத்தான்.

---

முயல்தீவு

ஆனா காக்கா, மத்த ஆட்டத்தில பழகினவன் இங்க வந்தா ஐ வேற பக்கம் விழும். திட்டுவான்.

---

கீழக்கரை_நிரல்

திட்டுவான். அமைப்பில் "பழைய ஐ" என்று ஒரு தேர்வு வையுங்கள். அட்டவணை தனிக் கோப்பில் இருந்தால் பத்து நிமிட வேலை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நேர்மையான வரிசையே கிடைக்கட்டும்.

---

ஓலைக்குடா_கரை

மாத்திட்டேன், கண்ணாடிச் சோதனை சுத்தமாப் போகுது. கடைசியா டி-சுழல் புள்ளி, அதாவது டி கட்டையைப் பொந்துக்குள்ள சுழற்றிச் சொருகினா கிடைக்கிற கூடுதல் புள்ளி. மூணு மூலை விதி எழுதியிருக்கேன்: கடைசி அசைவு சுழற்சியா இருக்கணும், நடுவைச் சுத்தி இருக்கிற நாலு மூலையில மூணாவது அடைச்சிருக்கணும். சில நேரம் புள்ளி குடுக்குது, சில நேரம் இல்லை. ஒரே பொந்து, ஒரே சுழற்சி.

---

தங்கச்சிமடம்_திரை

பொந்தை எழுதிக் காட்டுங்க தம்பி.

---

ஓலைக்குடா_கரை

நெடுவரிசையை 0லிருந்து எண்ணினா: அடி வரிசையில 4 மட்டும் காலி. அதுக்கு மேல வரிசையில 3, 4, 5 காலி. அதுக்கும் மேல 3இல் ஒரு கட்டம் கூரை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு, 4உம் 5உம் காலி. டி கொண்டல் நிலையில இறங்கி, அடி 4இல் கால் ஊன்றுது. வலமாச் சுழற்றினா சோழகம், தள்ளலே இல்லாம முதல் சோதனையிலேயே உக்காருது. ரெண்டு வரிசை அழியுது. சில நேரம் டி-சுழல், சில நேரம் வெறும் இரட்டை.

---

தங்கச்சிமடம்_திரை

மூலைக் கணக்கு சரியாத்தான் வரணும். நடு இருக்கிறது 4ஆம் நெடுவரிசை, ரெண்டாவது வரிசை. நாலு மூலையில கீழ ரெண்டும் நிறைஞ்சது, மேல இடம் கூரை, மேல வலம் காலி. மூணு. மூக்குப் பக்கத்து மூலை ரெண்டும் நிறைஞ்சிருக்கு, அதனால அரைச் சுழல் இல்லை, முழுச் சுழல்.

அப்ப கோளாறு "கடைசி அசைவு சுழற்சியா"ங்கிற கொடியில (ஆம், இல்லைன்னு குறிச்சு வைக்கிற மாறி). சுழற்றினதும் அது பூட்டட்டும்னு விட்டா புள்ளி வருதா, உடனே கீழே போடு தட்டினா புள்ளி வரலையா?

---

ஓலைக்குடா_கரை

ஆமா அக்கா! கீழே போடு தட்டினா வரல.

---

தங்கச்சிமடம்_திரை

கீழே போடுங்கிறது உங்க நிரல்ல ஒரு அசைவு, அதனால கொடியை இறக்குது. ஆனா கட்டை ஏற்கனவே உக்கார்ந்துடுச்சு, 0 வரிசைதான் இறங்குது. எந்த அசைவா இருந்தாலும் கட்டை உண்மையில இடம் மாறினா மட்டும் கொடியை இறக்குங்க. இடது தட்டி, சுவர் தடுத்து நகராம நின்னாலும் இறக்கக் கூடாது. தானா ஒரு வரிசை இறங்கினா இறக்கணும். தோத்துப்போன சுழற்சி கொடியை ஏத்தவும் கூடாது.

தட்டலைப் பத்தியும் ஒரு வார்த்தை. திரையோட வலப் பாதியில தட்டினா வலச் சுழற்சி, இடப் பாதியில இடச் சுழற்சி. விரல் பதிஞ்சதிலிருந்து எடுக்கிறதுக்குள்ள அரைக் கட்டத்துக்கு மேல நகர்ந்திருந்தா அது தட்டல் இல்லை, இழுப்பு. அரைக் கட்டம்ங்கிறதைக் கட்டத்தோட அகலத்தில அளங்க, பிக்சல்ல அளந்தா சின்ன போன்ல ஒன்னு பெரிய போன்ல ஒன்னுன்னு மாறும். ஈரக் கையோட ஆடினா திரை ஒரே தட்டை ரெண்டாப் பதியும். முதல் தட்டு முடிஞ்சு 2 ஃப்ரேமுக்குள்ள அதே இடத்தில வர்ற தட்டைத் தள்ளிடுங்க. அதுக்கு மேல வச்சா வேகமா ஆடுறவங்களோட இரட்டைத் தட்டையும் தின்னுடும்.

---

ஓலைக்குடா_கரை

கொடி திருத்தியாச்சு, புள்ளி ஒழுங்கா வருது. 180 பாகைச் சுழற்சிக்குத் தனிப் பொத்தான் வைக்கலாமா?

---

முயல்தீவு

வைக்காதீங்க.

---

கீழக்கரை_நிரல்

வைக்கலாம். ஆனால் இரண்டு வலச் சுழற்சியை அடுத்தடுத்து ஓட்டி அதை 180 என்று சொல்லாதீர்கள். நடுவில் உள்ள நிலை தடைபட்டால் மொத்தமும் நின்றுபோகும், இல்லாவிட்டால் இரண்டு தள்ளல் சேர்ந்து எங்கோ போய் உட்காரும். நேரே எதிர் நிலையைச் சோதியுங்கள். அசல் இடம், இல்லையென்றால் (0,+1), அதுவும் இல்லையென்றால் மறுப்பு. இரண்டு சோதனை போதும். தேவை என்று யாராவது கேட்ட பிறகு கூட்டிக்கொள்ளலாம்.